முதல் பேப்பரை எங்கிருந்து படிப்பது?

கேள்வி: "பி.எஸ்சி. நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. ப்ராஜெக்ட் தொடங்குவதற்குள் பத்து ஆய்வுக்கட்டுரையாவது படித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார் எங்கள் மேடம். ஒன்றைத் திறந்தேன், முதல் பத்தியைக்கூடத் தாண்ட முடியவில்லை. என் ஆங்கிலம்தான் பிரச்சினையா, இல்லை அடிப்படையே போதாதா? எங்கிருந்து ஆரம்பிப்பது?"

இரண்டுமே கொஞ்சம் இருக்கலாம். ஆனால் முதல் பத்தியிலேயே நின்றுபோனதற்கு அவை காரணமென்று எனக்குத் தோன்றவில்லை. பாடப்புத்தகம் படிக்கிற பழக்கத்தில் பேப்பரையும் முதல் வரியிலிருந்து பிடித்திருக்கிறீர்கள். பாடப்புத்தகம் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்க எழுதுவது. பேப்பர் அப்படி இல்லை. அதே துறையில் பல வருடமாக இருக்கும் ஒருவர் எதிரே உட்கார்ந்து "இதை நான் ஏன் நம்ப வேண்டும்?" என்று கேட்டால், அவருக்குச் சொல்கிற பதில் அது. அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததையெல்லாம் முதல் பத்தியில் கடகடவென்று சொல்லி முடித்துவிடுவார்கள். புதிதாக வருகிற யாருக்கும் அந்த இடத்தில் மூச்சு முட்டத்தான் செய்யும்.

எனக்கும் அப்படித்தான் ஆனது. எம்.எஸ்சி. முதலாண்டில் முதல் பேப்பரை எடுத்தபோது அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் போனேன். மூன்று நாளில் இரண்டு பக்கம். ஓரமெல்லாம் பென்சிலில் தமிழ் அர்த்தம். துறையில் ஒரு ஆசிரியர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி, இதுல எதை எதோட ஒப்பிட்டிருக்காங்க?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பக்கத்துக்கு அர்த்தம் எழுதியிருந்தேன், அந்த ஒரு கேள்விக்குப் பதில் அதில் இல்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, நேராக நாலாம் பக்கத்து அட்டவணையைத் திருப்பிக் காட்டினார். அன்றிலிருந்து இன்றுவரை எந்தப் பேப்பரைத் திறந்தாலும் அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் திறக்கிறேன். உங்களுக்கும் அதையே தருகிறேன்: எதை எதோடு ஒப்பிட்டார்கள்?

சும்மா சொன்னால் பிடிபடாது, ஒரு பேப்பரை எடுத்தே காட்டுகிறேன். நீங்கள் நுண்ணுயிரியல் என்பதால் காசநோய்.

1948 அக்டோபர் 30 தேதியிட்ட பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் நுரையீரல் காசநோய்க்கு வேலை செய்கிறதா என்று பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நடத்திய சோதனை. ஸ்ட்ரெப்டோமைசின் உங்கள் பாடத்திலேயே வருகிறது. எப்படி வேலை செய்கிறது, எந்தக் கிருமிக்கு என்றெல்லாம் பரீட்சைக்கு எழுதியிருப்பீர்கள். முதல் பேப்பருக்கு இது முக்கியம். விஷயம் முன்பே தெரிந்ததாக இருந்தால், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதில் மட்டும் கவனம் வைக்கலாம். போன மாதம் வந்த புத்தம்புதிய பேப்பரை முதலில் எடுத்தால் விஷயமும் புதிது, முறையும் புதிது, மொழியும் புதிது. மூன்றையும் ஒன்றாகத் தூக்க முடியாது.

மருத்துவ ஆய்வுக்கட்டுரைகளைச் சேர்த்துவைத்திருக்கும் பப்மெட் சென்ட்ரல் இணையதளத்தில் இதன் ஸ்கேன் பிரதி இலவசமாகவே கிடைக்கிறது. திறந்ததும் தலைப்பைப் படியுங்கள், அப்புறம் கடைசியில் இருக்கும் சுருக்கத்தைப் படியுங்கள். இப்போதைய பேப்பரில் அது அப்ஸ்ட்ராக்ட் என்று முதலிலேயே இருக்கும். அந்தக் காலத்தில் கடைசியில் போடுவார்கள். புரியாத சொல்லைத் தாண்டிப் போங்கள், நிற்காதீர்கள். பிறகு நேராக அட்டவணைக்கு.

முடிவுகளைச் சொல்லும் பகுதியில் ஓர் அட்டவணை இருக்கிறது. இரண்டு நெடுவரிசை. ஒன்று ஸ்ட்ரெப்டோமைசின் பெற்றவர்கள், 55 பேர். இன்னொன்று வெறும் படுக்கை ஓய்வு, 52 பேர். ஆறு மாதம் கழித்து எக்ஸ்ரேயை வைத்து ஒவ்வொருவரும் எந்த நிலையில் இருந்தார்கள் என்று வரிசை வரிசையாகப் போட்டிருக்கிறது. நன்றாகத் தேறியவர்கள்: மருந்து பெற்றதில் 28, ஓய்வில் 4. ஓரளவு தேறியவர்கள் 10, 13. பெரிய மாற்றம் இல்லாதவர்கள் 2, 3. ஓரளவு மோசமானவர்கள் 5, 12. மிகவும் மோசமானவர்கள் 6, 6. இறந்தவர்கள் 4, 14.

ஒரு காகிதம் எடுத்து இந்த எண்களைக் கையால் எழுதுங்கள். கூட்டிப் பாருங்கள், 55ம் 52ம் வருகிறதா என்று. சதவீதம் நீங்களே போடுங்கள். 55ல் 28 என்றால் 51 சதவீதம், 52ல் 4 என்றால் 8 சதவீதம். இறப்பு 7 சதவீதத்துக்கு எதிரே 27 சதவீதம். பத்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் பேப்பர் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. 14 என்ற எண்ணைப் பேனாவால் எழுதும்போது, அது ஆறு மாதத்துக்குள் போன பதினான்கு பேர் என்பது உறைக்கும். பெரும்பாலும் உங்கள் வயதுக்காரர்கள். இந்தச் சோதனைக்கு முதலில் 15 முதல் 25 வயது வரைதான் எடுத்தார்கள், பிறகு 30 வரை நீட்டினார்கள்.

எதை எதோடு? மருந்தும் ஓய்வும் ஒரு பக்கம், ஓய்வு மட்டும் இன்னொரு பக்கம். பதில் கிடைத்துவிட்டது.

இப்போது அந்தச் சந்தேகக்கார சக ஆய்வாளராக நீங்களே மாறுங்கள். "கொஞ்சம் தேறக்கூடிய நிலையில் இருந்தவர்களாகப் பார்த்து மருந்து கொடுத்திருந்தால்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியோடு, சோதனையை எப்படிச் செய்தார்கள் என்று சொல்லும் மெத்தட்ஸ் பகுதிக்குப் போனால் அது சலிப்பாகவே இருக்காது. மெத்தட்ஸைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். ஆசிரியர்களே சில சமயம் "அதை விடுப்பா" என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு பேப்பரின் உயிர் அங்கேதான் இருக்கிறது. என்ன ஒன்று, முதலில் படிக்கக் கூடாது. கேள்வி முளைத்தபிறகு படிக்க வேண்டும்.

உங்கள் சந்தேகத்துக்கு அங்கே பதில் இருக்கிறது. யாருக்கு மருந்து, யாருக்கு ஓய்வு என்பதை முன்கூட்டியே சமவாய்ப்பு (ரேண்டம்) எண்களைக் கொண்டு தீர்மானித்து, ஒட்டிய உறைகளில் போட்டு வைத்திருந்தார்கள். அந்த ஏற்பாட்டைச் செய்தவர் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியலாளர். ஒரு நோயாளியைச் சோதனையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று குழு ஒப்புக்கொண்ட பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். அதுவரை டாக்டருக்கும் தெரியாது, குழுவுக்கும் தெரியாது. ஆகவே "இவர் பிழைப்பார்போல இருக்கிறார், இவருக்குக் கொடுப்போம்" என்று யாரும் தெரிந்தோ தெரியாமலோ செய்ய வழியில்லை.

அடுத்த சந்தேகம்: "எக்ஸ்ரே பார்த்தவர் மருந்து பெற்றவருக்குத் தாராளமாக மதிப்பெண் போட்டிருந்தால்?" அதற்கும் பதில் உண்டு. மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்தார்கள், படம் எந்தக் குழுவைச் சேர்ந்தவருடையது என்று தெரியாமல்.

இன்னொன்றும் உங்களுக்கு உறுத்தியிருக்கும். மருந்து இருக்கும்போது 52 பேருக்குக் கொடுக்காமல் விடலாமா? கேட்க வேண்டிய கேள்வி. அப்போது பிரிட்டனுக்குக் கிடைத்த மருந்து மிகக் கொஞ்சம், எல்லோருக்கும் கொடுக்க வழியே இல்லை என்பதைப் பேப்பர் சொல்கிறது. அந்த விளக்கம் உங்களுக்குப் போதுமா என்று யோசியுங்கள். ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்களுக்குத் தாங்கள் ஒரு சோதனையில் இருப்பதே சொல்லப்படவில்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதற்கு அனுமதி தராது. பேப்பரோடு ஒத்துப்போகத்தான் வேண்டும் என்றில்லை. வாதாடிக்கொண்டே படிக்கலாம், அப்படிப் படித்ததுதான் மனதில் நிற்கும்.

புள்ளியியலைப் பார்த்தாலே பயப்படுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. இறப்பு வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க நூற்றில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்புதான் என்கிறது இந்தப் பேப்பர். இன்றைய பேப்பர்களில் பி வேல்யூ என்று சின்னதாகப் போடுகிறார்களே, அது இந்தச் சங்கதிதான். மருந்தால் ஒரு பயனும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 107 பேரை இரண்டாகப் பிரித்தால் ஒரு பக்கம் 4, ஒரு பக்கம் 14 என்று, அல்லது அதைவிடப் பெரிய வித்தியாசமாக, சும்மாவே விழலாம். அப்படி விழுவது எவ்வளவு அரிது என்பதை அந்த எண் சொல்கிறது. மருந்து வேலை செய்வதற்கான வாய்ப்பு 99 சதவீதம் என்று அதைப் படித்துவிடாதீர்கள். பேராசிரியர்கள்கூடத் தடுக்கி விழுகிற இடம் இது. முதல் பத்து பேப்பருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். மீதியைத் தேவை வரும்போது கற்றுக்கொள்ளலாம்.

இப்போது டிஸ்கஷன். இங்கே ஆசிரியர்கள் தங்கள் முடிவுக்கு என்ன அர்த்தம் என்று சொல்கிறார்கள். எங்கே தயங்குகிறார்கள் என்றும் தெரியும். நல்ல பேப்பரை அந்தத் தயக்கத்தில் அடையாளம் காணலாம். இதில் பெரிய தயக்கம் ஒன்று இருக்கிறது. மருந்து கொடுத்த முதல் இரண்டு மூன்று மாதத்தில் பலர் வேகமாகத் தேறினார்கள். அதற்குப் பிறகு சிலர் மறுபடி சரிந்தார்கள். பலருடைய சளியில் இருந்த கிருமி ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அசைந்துகொடுக்காததாக மாறியிருந்தது. நீங்கள் வகுப்பில் மருந்து எதிர்ப்புத்திறன் என்று படிக்கிற அதே விஷயம்தான். வெற்றியை அறிவிக்கிற பேப்பரிலேயே அந்த வெற்றியில் விழுந்த ஓட்டையையும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அந்த ஓட்டைதான் அடுத்த பேப்பருக்கு வாசல். இந்த மருந்து ஒன்றை மட்டும் கொடுத்தால் கிருமி தப்பித்துவிடுகிறது, சரி, கூட இன்னொன்றைச் சேர்த்துக் கொடுத்தால்? 1950ல் அதே மன்றம், ஸ்ட்ரெப்டோமைசினோடு பாஸ் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்த சோதனையை அதே இதழில் வெளியிட்டது. எதிர்ப்புத்திறன் வெகுவாகக் குறைந்தது. காசநோய்க்கு இன்றுவரை ஒரே மருந்தாகக் கொடுக்காமல் கூட்டாகக் கொடுப்பதன் வேர் இங்கே இருக்கிறது. பத்து பேப்பரை இப்படிச் சங்கிலியாகப் பிடியுங்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். கூகுள் ஸ்காலரில் ஒரு சொல்லைத் தட்டி மேலே வந்த பத்தை இறக்கிவைத்தால் பத்தும் பத்துத் திசையில் போகும். ஒன்றைப் படித்து, அது எழுப்புகிற கேள்விக்கு யார் பதில் சொன்னார்கள் என்று தேடிப் போனால், மூன்றாவது பேப்பரின் முதல் பத்தி தானாகவே புரியும். அதில் சொல்லப்படுகிற பழைய வேலையை நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள்.

தேடும் வழி எளிது. ஒரு பேப்பரின் கடைசியில் இருக்கும் ரெஃபரன்ஸ் பட்டியல் பின்னோக்கிக் கூட்டிப்போகும். கூகுள் ஸ்காலரில் அதன் கீழே 'சைட்டட் பை' என்று இருப்பதைத் தொட்டால், அதை மேற்கோள் காட்டிப் பின்னால் வந்தவை வரும்.

ஒப்பீடே இல்லாத பேப்பரும் உண்டு, அதையும் அடையாளம் காணத் தெரிய வேண்டும். 1998ல் லான்செட்டில் வந்த ஒரு பேப்பர், தட்டம்மை உள்ளிட்ட நோய்களுக்குப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு உலகம் முழுக்கப் பெற்றோரைப் பயமுறுத்தியது. அதில் இருந்தவர்கள் 12 குழந்தைகள். தடுப்பூசி விஷயத்தில் எதிரே வைத்துப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பு என்று நிரூபித்துவிடவில்லை என்று அந்தப் பேப்பரே ஒரு வரியில் சொல்லியிருந்தது. பின்னால் அதில் நடந்த முறைகேடுகள் வெளியே வந்து, 2010ல் லான்செட் அதைத் திரும்பப் பெற்றது. ஆனால் அதற்கும் முன்னால், 1998லேயே, "எதை எதோடு ஒப்பிட்டார்கள்?" என்று கேட்ட எந்த மாணவருக்கும் விஷயம் தெரிந்திருக்கும். வீட்டில் யாராவது வாட்ஸ்அப்பில் "ஆய்வு சொல்கிறது" என்று அனுப்பினால் நான் இன்றும் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். தமிழ் வழியில் வந்தவர்கள் இதை மலையாக நினைக்கிறார்கள், அவ்வளவு பெரிய மலை இல்லை. நாவலில் வருகிற ஆங்கிலத்தைவிடப் பேப்பரின் ஆங்கிலம் குறுகியது. அதே வினைச்சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஒரே துறையில் ஐந்து பேப்பர் படித்தால், ஆறாவதில் புதிய சொல் வெகுவாகக் குறைந்துவிடும். முதல் சுற்றில் அகராதியைத் தொடாதீர்கள். இரண்டாம் சுற்றில், ஒரு சொல் மூன்று முறைக்கு மேல் வந்து அது தெரியாமல் அட்டவணை புரியவில்லை என்றால் மட்டும் பாருங்கள். ஒன்றை மட்டும் கூர்ந்து கவனியுங்கள். 'ஷோ' என்று எழுதுகிறார்களா, 'சஜஸ்ட்' என்று எழுதுகிறார்களா, 'மே' போட்டிருக்கிறார்களா என்று. "காட்டுகிறது" என்பதற்கும் "இருக்கலாம் எனத் தோன்றுகிறது" என்பதற்கும் தமிழில் எவ்வளவு தூரமோ அங்கேயும் அவ்வளவு தூரம்.

படித்து முடித்ததும் தமிழில் எழுதிப் பாருங்கள். நோட்டில் ஒரு பேப்பருக்கு ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். என் பழைய நோட்டில் இந்தப் பேப்பருக்கு இப்படி இருக்கிறது: "55க்கு 52. மருந்து + ஓய்வு, ஓய்வு மட்டும். உறை போட்டுப் பிரித்தது. எக்ஸ்ரே பார்த்தவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியாது. இறப்பு 4, 14. ஆனால் கிருமி பழகிவிட்டது. ஆறு மாதத்துக்குப் பிறகு என்ன ஆனது?" அவ்வளவுதான். கடைசி வரி கேள்வியாக இருக்கட்டும். ப்ராஜெக்ட் எழுத உட்காரும்போது உங்களைக் காப்பாற்றப்போவது அந்தக் கேள்வி வரிகள்.

ஏஐயிடம் கொடுத்துச் சுருக்கம் கேட்கலாமே என்று தோன்றும். சொல்லுக்கு அர்த்தம் கேளுங்கள், புள்ளியியல் சோதனையின் பெயர் வந்தால் அது என்னவென்று கேளுங்கள், தப்பே இல்லை. சுருக்கத்தை மட்டும், உங்கள் ஒரு பக்கத்தை எழுதி முடித்த பிறகு கேளுங்கள். முன்னாலேயே கேட்டால் முடிவு தெரிந்துவிடும், உறையும் எக்ஸ்ரேயும் கண்ணில் படாமலே போய்விடும்.

பணம் கேட்கிற பேப்பர்களைப் பற்றி: காசு கொடுத்து வாங்காதீர்கள். தலைப்பை அப்படியே கூகுள் ஸ்காலரில் போட்டால் பக்கத்திலேயே இலவச பிடிஎஃப் பல சமயம் இருக்கும். அன்பேவால் என்ற இலவச நீட்சியை பிரவுசரில் போட்டுக்கொண்டால், சட்டப்படி இலவசமாகக் கிடைக்கிற பிரதி எங்கே இருக்கிறது என்று அதுவே காட்டும். உங்களுடையது அரசுக் கல்லூரி என்றால் நூலகரிடம் 'ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்' பற்றிக் கேளுங்கள். 2025 ஜனவரி 1 முதல் மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு, 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களைத் திறந்துவிட்டிருக்கிற திட்டம் அது. எதுவும் நடக்கவில்லையா, பேப்பரில் இருக்கும் மின்னஞ்சலுக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். தன் பேப்பரை ஒரு மாணவர் படிக்கக் கேட்டால் பலர் சந்தோஷமாக அனுப்பிவைப்பார்கள்.

மேடம் சொன்ன பத்தில் மூன்றாவதாக எதை எடுக்கலாம் என்று நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நம் ஊரில் நடந்தது. 1956ல் சென்னையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், மெட்ராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை சேர்ந்து ஒரு காசநோய் மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். காசநோயாளியை சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டால் போதாதா என்பது அவர்களின் கேள்வி. சென்னையின் நெருக்கடியான ஏழை வீடுகளில் இருந்தவர்கள் ஒரு பக்கம். நல்ல சாப்பாடு, ஓய்வு, செவிலியர் கவனிப்போடு சானடோரியத்தில் இருந்தவர்கள் இன்னொரு பக்கம். இரு பக்கமும் அதே மருந்துகள், ஓராண்டு. 1959ல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் முடிவு வந்தது. வீட்டிலிருந்த 82 பேரில் 86 சதவீதத்தினருக்கும், சானடோரியத்தில் இருந்த 81 பேரில் 92 சதவீதத்தினருக்கும் நோய் தணிந்திருந்தது. லட்சக்கணக்கான நோயாளிகளுக்குப் படுக்கை இல்லாத நாட்டில் இந்த இரண்டு எண்களுக்கு என்ன மதிப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

அதுவும் இலவசம்தான். நீளமான பேப்பர், பயப்படாதீர்கள், அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். 86க்கும் 92க்கும் இடையிலுள்ள வித்தியாசம் பெரியதா சின்னதா என்று முதலில் நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள். அப்புறம் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: வீட்டில் இருந்தவர்கள் மாத்திரையை உண்மையிலேயே சாப்பிட்டார்கள் என்று எப்படித் தெரியும்? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் சிறுநீரைச் சோதித்திருக்கிறார்கள். எப்படிச் செய்தார்கள், எத்தனை முறை, என்ன கிடைத்தது என்பதை மெத்தட்ஸிலும் ரிசல்ட்ஸிலும் தேடி எடுத்து உங்கள் நோட்டில் எழுதுங்கள்.